இணைப்புத் தையலை ஒட்டி இயந்திரக் குயில்ட்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் பரப்பிய பஞ்சு, கீழே விரித்த அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் தையலே குயில்ட்டிங். அதில், இரண்டு துண்டுகள் சேரும் கோட்டை ஒட்டியே ஊசியை ஓட்டி, தைத்ததே தெரியாதபடி மறைக்கும் முறையை இந்தப் பக்கத்தில் பள்ளத் தையல் என்று குறிப்பிடுகிறோம். வீட்டில் பயன்படுத்தும் சாதாரணத் தையல் இயந்திரத்தில் இதைச் செய்பவர்களுக்கு எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஊசி சரியாக எந்த இடத்தில் இறங்க வேண்டும்?

இரண்டு துண்டுகளை இணைத்த பிறகு, உட்புறத்தில் இருக்கும் ஓரத்துணிகள் இரண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவது வழக்கம். அப்படிச் சாய்த்த பக்கத்தில் மேல்துணியோடு சேர்த்து மூன்று அடுக்குகள் இருப்பதால் அது சற்றே மேடாகவும், ஒற்றை அடுக்கு மட்டுமே உள்ள மறுபக்கம் தாழ்வாகவும் அமைகிறது. இந்த மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடையே உள்ள மெல்லிய படிதான் நாம் சொல்லும் பள்ளம். ஊசி தாழ்ந்த பக்கத்தில், படியின் சுவரை உரசிக்கொண்டு இறங்க வேண்டும். தைத்து முடித்து விரல்களை எடுத்ததும் மேட்டுப் பக்கத்துத் துணி தன்னியல்பாக நூலின் மேல் சாய்ந்து அதை மறைத்துவிடும்.

எது மேடு, எது தாழ்வு என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வது கடினம். அடர்நிறத் துணியில் அறவே தெரியாது. கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்காக மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் நகம் வழுக்கிக்கொண்டு இறங்கும்; எதிர்த் திசையில் படியில் இடறி நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து இழுக்கும்போது இடறுகிறதோ அந்தப் பக்கமே தாழ்ந்த பக்கம்.

இது தொடக்கநிலையினருக்கு ஏற்ற எளிய முறை என்று சொல்லப்படுவது உண்மையா?

பாதி உண்மை. கோலம் வரையத் தேவையில்லை, துணியில் குறியிடத் தேவையில்லை, எங்கே தைப்பது என்று யோசிக்கவும் தேவையில்லை என்பதால் இதை எளிது என்கிறார்கள். ஆனால் வெறும் துணிப் பரப்பில் ஓடும் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் தெரியாது. அதே விலகல் பள்ளத் தையலில் நூலை மேட்டின் மீது ஏற்றிவிடுவதால், அளவுகோலை அருகில் வைத்துப் பார்ப்பது போல உடனே கண்ணில் படும். முதல் குயில்ட்டைத் தைப்பவர், இணைப்புக் கோட்டிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இணையாகத் தைத்துப் பழகிவிட்டுப் பிறகு பள்ளத்துக்கு வருவது நல்லது என்பதே எங்கள் கருத்து. ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகமான ஃபுட்டின் ஓரத்தை இணைப்புக் கோட்டின் மேல் வைத்து ஓட்டினாலே அந்த இடைவெளி ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

ஓரத்துணிகளை விரித்து இஸ்திரி போடலாமா, ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டுமா?

பள்ளத் தையல் போடுவதென்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால் ஒரு பக்கமாகத்தான் சாய்க்க வேண்டும். விரித்து இஸ்திரி போட்டால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கும்; நூலை மறைக்க மேடே இருக்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. விரித்த இணைப்பில் ஊசி சரியாகக் கோட்டில் இறங்கும்போது அது துணியைக் குத்துவதே இல்லை. இரு துண்டுகளையும் பிடித்திருக்கும் இணைப்பு நூலைத்தான் குத்துகிறது. அந்த நூல் அறுந்தால் இணைப்பே பிரியும். கிடைக்கும் பிடிப்பும் குறைவு. ஆகவே விரித்த இணைப்புகள் உள்ள மேல்துணியில் கோட்டை ஒட்டித் தைக்காமல், சற்றுத் தள்ளித் தைப்பதே முறை.

சாய்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் தைத்த கோட்டை அப்படியே மூடிய நிலையில் ஒரு முறை இஸ்திரியால் அழுத்த வேண்டும். பிறகு மேல் துண்டைத் திறந்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்துத் தேய்த்தால் துணி, குறிப்பாகச் சாய்வாக வெட்டிய ஓரம், நீண்டுவிடும். கோட்டின் ஓரத்தில் துணி முழுவதும் திறக்காமல் ஒரு மெல்லிய மடிப்பு தங்கிவிட்டால், குயில்ட் செய்யும்போது ஊசி அந்த மடிப்பின் மேல் ஓடும். நீங்கள் பள்ளம் என்று நம்பித் தைத்தது உண்மையான பள்ளமாக இருக்காது. இயந்திரத்தின் முன் அமர்ந்த பிறகு எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. தையல் கோணலாகிறது என்று வருந்துபவர்களின் மேல்துணியைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் குறை அவர்களுடைய கையில் இருப்பதில்லை, இஸ்திரியில்தான் இருக்கிறது.

ஒரே கோட்டில் மேடு சில இடங்களில் இடப்பக்கமும் சில இடங்களில் வலப்பக்கமும் மாறுகிறதே, என்ன செய்வது?

நான்கு துண்டுகள் சந்திக்கும் மூலைகள் பொருந்துவதற்காக, அடுத்தடுத்த வரிசைகளின் ஓரத்துணிகளை எதிரெதிர்த் திசையில் சாய்ப்பது வழக்கம். அதனால் மூலைகள் கச்சிதமாகச் சேரும். ஆனால் நீண்ட கோட்டில் பள்ளம் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கம் மாறும். இது தவறு அன்று. தைக்கும்போது மூலை வந்ததும் ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியை ஒரு நூலளவு நகர்த்தி, அடுத்த தையலைப் புதிய தாழ்ந்த பக்கத்தில் விழச் செய்தால் போதும். மாறுவது ஒரே ஒரு தையலில் நடக்க வேண்டும். சாய்வாக இரண்டு மூன்று தையல்களில் மாறினால் மூலையில் கோணல் தெரியும்.

நீண்ட கோடுகள் எல்லாவற்றிலும் இப்படி நின்று நின்று செல்வது சலிப்பூட்டும். அடுத்த மேல்துணியைத் திட்டமிடும்போதே, கட்டங்களைச் சேர்க்கும் நீண்ட கோடுகளின் ஓரத்துணி முழுவதையும் ஒரே பக்கம் சாய்த்துவிட்டால் இந்த வேலை பெருமளவு குறையும்.

எந்த ஃபுட் தேவை?

மூன்று அடுக்குகளையும் சாதாரண ஃபுட்டால் தைத்தால், கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை முன்னே இழுக்க, மேலே இருக்கும் ஃபுட் மேல்துணியைத் தடுத்து நிறுத்தும். விளைவாக மேல்துணி சிறிது சிறிதாகப் பின்தங்கி, கோட்டின் முடிவில் குவிந்து சுருக்கமாகும். வாக்கிங் ஃபுட் என்பது இதற்கான தீர்வு. அதிலும் பற்கள் உண்டு. அதன் கிளை ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கும் திருகின் மேல் அமர்ந்து, ஊசியின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து மேல் பற்களை இயக்குகிறது. இதனால் மேலும் கீழும் ஒரே அளவில் துணி நகர்கிறது. பொருத்தும்போது கிளை அந்தத் திருகின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கீழே நழுவியிருந்தால் வாக்கிங் ஃபுட் வெறும் கனமான ஃபுட்டாகத்தான் இருக்கும். சில இயந்திரங்களில் மேலிருந்தும் துணியை நகர்த்தும் அமைப்பு உடன்பிறந்ததாகவே இருக்கும். அவற்றுக்குத் தனியாக வாக்கிங் ஃபுட் வேண்டியதில்லை.

நடுவில் மெல்லிய தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும் ஃபுட்டும் கடைகளில் கிடைக்கும். அந்தத் தகட்டைப் பள்ளத்தில் வைத்து ஓட்டினால் கோடு விலகாது. ஊசியின் இடத்தை ஒரு புள்ளி மட்டும் தாழ்ந்த பக்கம் நகர்த்திக்கொண்டால் நூல் இன்னும் நன்றாக மறையும். வாக்கிங் ஃபுட்டிலேயே மாற்றிப் பொருத்தும் அடிப்பாகமாக இத்தகடு கிடைக்குமானால் அதுவே முதல் தேர்வு. ஒரு எச்சரிக்கை: ஒற்றைத் துளை உள்ள ஊசித் தட்டைப் போட்டிருக்கும்போது ஊசியின் இடத்தை மாற்றக் கூடாது. ஊசி தட்டில் மோதி உடையும்.

ஊசி, நூல், தையல் நீளம் ஆகியவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பருத்தித் துணிக்கும் மெல்லிய பஞ்சுக்கும் 80/12 அளவு ஊசி பொதுவாகப் போதும். இதில் 80 என்பது ஊசித் தண்டின் விட்டம் 0.80 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். மிக மெல்லிய நூலுக்கு 75/11-ம், தடித்த பஞ்சுக்கும் நெருக்கமான துணிக்கும் 90/14-ம் பொருந்தும். முனை கூர்மையான ஊசியாக இருக்க வேண்டும். பின்னல் துணிக்கான உருண்டை முனை ஊசி நெய்த துணியின் இழையை விலக்கிக்கொண்டு இறங்குவதால் கோடு அலையும். புதிய குயில்ட்டுக்குப் புதிய ஊசி என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். துணியில் இறங்கும்போது ‘டப் டப்’ என்று ஓசை கேட்டால் ஊசி மழுங்கிவிட்டது என்று பொருள்.

நூலில் எண் கூடக் கூடத் தடிமன் குறையும். இணைப்பதற்கும் குயில்ட் செய்வதற்கும் பரவலாகப் பயன்படும் 50 எண் பருத்தி நூல் இதற்குச் சரியாக இருக்கும். அதைவிட மெல்லியது இன்னும் நன்றாக மறையும். 40 எண் நூலும் அதைவிடத் தடித்ததும் பள்ளத்தில் அடங்காமல் மேலே எழும்பி நிற்கும்.

தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம்; அதாவது ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய எட்டிலிருந்து பத்துத் தையல்கள். துண்டுகளை இணைக்கப் பயன்படுத்திய சிறிய நீளத்திலேயே குயில்ட் செய்தால் துணி விறைத்துப் போகும். பிரிக்க நேர்ந்தால் அதுவும் பெரும்பாடு.

கண்ணுக்குத் தெரியாத ஒளிபுகு நூலைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். பல நிறங்கள் கலந்த மேல்துணியில் அது மிகவும் உதவும். நைலான், பாலியெஸ்டர் என இரு வகைகளில் இது கிடைக்கிறது. நைலான் வகை வெப்பத்தை அவ்வளவாகத் தாங்காது என்பதால் பாலியெஸ்டர் வகையே பாதுகாப்பானது. இளநிறத் துணிகளுக்கு நிறமற்றதும், அடர்நிறத் துணிகளுக்குப் புகை நிறமும் பொருந்தும். இந்த நூல் இழுபட்டு நீளக்கூடியது. ஆகவே மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தை, நன்றாகத் தளர்த்தி, கீழ் நூலைச் சுற்றிவைக்கும் பாபினில் சாதாரணப் பருத்தி நூலையோ மெல்லிய பாலியெஸ்டர் நூலையோ சுற்றி, மெதுவாகத் தைக்க வேண்டும். பாபினிலும் இதே நூலைச் சுற்றுவதாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, பாதி அளவுக்கு மட்டும் சுற்றுங்கள்.

சாதாரண நூல் என்றால் என்ன நிறம்?

தையல் விழப்போகும் தாழ்ந்த பக்கத்துத் துணியின் நிறத்தை ஒத்த நூல். ஒவ்வொரு கோட்டுக்கும் நூல் மாற்ற முடியாது என்றால், நடுத்தரச் சாம்பல் நிறம் வியக்கத்தக்க அளவுக்கு எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். இரண்டு நிறங்களுக்கு இடையே ஐயம் வந்தால் நூலின் ஓர் இழையைப் பிரித்துத் துணியின் மேல் கிடத்திப் பாருங்கள். கண்டில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் ஒற்றை இழையில் வெளிறித் தெரியும்.

மூன்று அடுக்குகளையும் எப்படிப் பிணைத்து வைப்பது?

நேர்த்தியின் பெரும்பங்கு இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. நடுப்பஞ்சும் அடித்துணியும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி சமமான தரையிலோ மேசையிலோ விரித்து, ஒட்டுநாடாவால் விளிம்புகளை ஒட்ட வேண்டும். சுருக்கம் நீங்கும் அளவுக்கு இழுத்தால் போதும். முறுக்கேறும்படி இழுத்து ஒட்டினால், நாடாவை எடுத்ததும் அடித்துணி பழைய அளவுக்குச் சுருங்கி, மேல்துணியெங்கும் மடிப்பு விழும். அதன் மேல் பஞ்சைக் கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிப் பரப்பி, பிறகு மேல்துணியை விரிக்க வேண்டும். இந்த நேரத்தில் நீளமான அளவுகோலை வைத்து, நீண்ட இணைப்புக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்து கிடக்கும் கோட்டில் தைத்தால் அந்த வளைவு நிலைத்துவிடும்.

பிணைப்பதற்கு ஊக்கு, நீளத் தையல், தெளிக்கும் பசை ஆகிய மூன்றும் பயன்படுகின்றன. ஊக்குகளைக் குத்துவதானால் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, அதாவது 8 முதல் 10 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் குத்த வேண்டும். அவை இணைப்புக் கோட்டின் மேல் வரக் கூடாது. கோட்டிலிருந்து குறைந்தது இரண்டு விரல் தள்ளி இருந்தால் ஃபுட் தடையின்றிச் செல்லும். பசையைத் தெளிப்பதானால் காற்றோட்டமான இடத்தில், பஞ்சின் மீது மட்டும் மெல்லிய படலமாகத் தெளிப்பது நல்லது. பள்ளத் தையலைப் பொறுத்தவரை பசைக்கே எங்கள் வாக்கு. ஊக்குகளுக்கு நடுவில் உள்ள துணி அசையும். பசை ஒட்டிய துணி எங்குமே அசையாது.

எந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது?

நடுவில் உள்ள நீண்ட செங்குத்துக் கோட்டை முதலில் தைத்து, அடுத்து நடுக் கிடைக்கோட்டைத் தைத்தால் குயில்ட் நான்கு பகுதிகளாகப் பிடிபட்டுவிடும். அதன்பின் ஒவ்வொரு பகுதியிலும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சென்று, கட்டங்களைப் பிரிக்கும் நீண்ட கோடுகளை முடிக்க வேண்டும். கட்டங்களுக்குள் இருக்கும் சிறிய கோடுகளுக்குக் கடைசியில்தான் வர வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் எஞ்சிய துணி நடுவில் சிக்கிக்கொள்ளும். அதற்கு வெளியேற வழி இருக்காது.

இணையான கோடுகளை எல்லாம் ஒரே திசையில் தைப்பதா, மாற்றி மாற்றித் தைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அருகருகே உள்ள இரு கோடுகளை எதிரெதிராகத் தைத்தால் இடையிலுள்ள துணி இரு பக்கமும் இழுபட்டுச் சாய்வான அலைகள் விழ வாய்ப்புண்டு. கோடுகள் ஒரு கட்டத்தின் அகலத்துக்கு விலகி இருந்து, பிணைப்பும் உறுதியாக இருந்தால் திசை பெரிய பொருட்டன்று.

தைக்கும்போது கையையும் கண்ணையும் எங்கே வைப்பது?

ஊசியைப் பார்க்காதீர்கள். ஊசி இறங்கும் இடத்தைப் பார்ப்பவர், தவறு நடந்த பிறகே அதைக் காண்கிறார். ஃபுட்டின் முன் நுனிக்கு ஒரு விரலளவு முன்னால், பள்ளத்தின் மேல் கண் இருக்க வேண்டும். இரு கைகளையும் ஃபுட்டுக்கு இருபுறமும் தட்டையாக வைத்து, ஆள்காட்டி விரல்களால் கோட்டின் இரு பக்கத்தையும் மிக மெல்ல விலக்கிப் பிடித்தால் பள்ளம் திறந்துகொள்ளும். மேல்துணியின் மேலடுக்கு மட்டும் அசையும் அளவுக்கே இந்த விலக்கல் இருக்க வேண்டும். பஞ்சோடு சேர்த்து இழுத்தால் விரல்களை எடுத்ததும் கோட்டின் இருபுறமும் புடைக்கும். துணியை முன்னே தள்ளவும் கூடாது, பின்னாலிருந்து இழுக்கவும் கூடாது. நகர்த்துவது பற்களின் வேலை; திசை காட்டுவது மட்டுமே கையின் வேலை.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒவ்வொரு தையலும் விழுவதைக் கண் பின்தொடர முடியும் வேகமே சரியான வேகம். இயந்திரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொத்தான் இருந்தால் பாதியில் வைத்துவிட்டுப் பெடலை முழுவதும் மிதிக்கலாம். பெடலைத் தொட்டுத் தொட்டு விடுவதைவிடச் சீரான மெதுவோட்டத்தில் கோடு நேராக வரும். நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கைகளை இடம் மாற்ற வேண்டுமானால் முழுவதும் நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ஓட்டத்திலேயே கையை நகர்த்தும் அந்த நொடியில்தான் தையல் மேட்டில் ஏறுகிறது. உள்ளங்கையில் ரப்பர் பிடிப்புள்ள கையுறை இருந்தால் விரல்களுக்கு அழுத்தம் குறையும்.

தொடக்கத்தையும் முடிவையும் எப்படி உறுதிப்படுத்துவது?

கோடு குயில்ட்டின் விளிம்பில் தொடங்கி விளிம்பில் முடிவதானால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஓரப்பட்டி தைக்கும்போது முனைகள் தாமாகவே உள்ளே சிக்கிக்கொள்ளும். நடுவில் தொடங்குவதானால், முதலில் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மேல் நூலை இழுத்து, பாபின் நூலை மேலே கொண்டுவர வேண்டும். இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு, தையல் நீளத்தை அரை மில்லிமீட்டருக்குக் குறைத்து 5 அல்லது 6 மில்லிமீட்டர் தூரம் தைத்துவிட்டு வழக்கமான நீளத்துக்கு மாற வேண்டும். முடிவிலும் இதுவே. ரிவர்ஸில் தைத்துப் பூட்டுவதைத் தவிர்க்கவும். ஒரே இடத்தில் நூல் முடிச்சாகக் குவிந்து தெரியும். பெரும்பாலான வாக்கிங் ஃபுட்டுகள் பின்னோக்கிச் சரியாக இயங்குவதும் இல்லை.

காட்சிக்கு வைக்கும் தரம் வேண்டுமென்றால் நூல்களை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, இரண்டையும் முடிச்சிட்டு, கை ஊசியில் கோத்துப் பஞ்சுக்குள் இழுத்து மறைக்கலாம். அன்றாடம் போர்த்தித் துவைக்கும் குயில்ட்டுக்கு இந்த உழைப்பு தேவையில்லை.

கோடுகள் குறுக்கிடும் இடங்களில் சுருக்கம் விழுகிறது. பின்புறம் மடிப்பும் வருகிறது. ஏன்?

ஏற்கெனவே தைத்த கோட்டை நோக்கிப் புதிய கோடு வரும்போது, ஃபுட்டுக்கு முன்னால் ஒரு சிறிய துணி அலை தள்ளப்பட்டு வருகிறது. குறுக்குக் கோடு அதைத் தடுத்து நிறுத்துவதால் அங்கே மடிந்துபோகிறது. குறுக்குக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் முன்பாகவே நின்று, ஊசியைத் துணிக்குள் வைத்து, ஃபுட்டைத் தூக்கி இறக்குங்கள். தேங்கிய துணி சற்றுத் தளர்ந்து பரவும். அதன்பிறகும் அலை தெரிந்தால், ஃபுட்டுக்கும் குறுக்குக் கோட்டுக்கும் இடையே குண்டூசியைக் குறுக்காகக் குத்தி, அந்த அதிகத் துணியைப் பல தையல்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இயந்திரத்தில் இருந்தால் ஓரிரு படி குறைப்பதும் பயன் தரும்.

பின்புற மடிப்புக்குக் காரணம் வேறு: அடித்துணி தளர்வாக விரிக்கப்பட்டிருக்கும், அல்லது பிணைப்புக்கிடையே இடைவெளி அதிகமாக இருக்கும். தைக்கப்போகும் பகுதியின் அடியில் ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது இதைத் தடுக்கும் எளிய வழி.

மேற்புறத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

மேல் டென்ஷன் அதிகம் என்று பொருள். அரை எண் வீதம் குறைத்துப் பாருங்கள். பின்புறத்தில் மேல் நூல் வளையம் வளையமாகத் தெரிந்தால், ஃபுட்டைத் தூக்கிய நிலையில் நூலை மறுபடியும் கோத்துவிட்டுப் பிறகு டென்ஷனைக் கூட்டுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் அது டென்ஷன் தகடுகளுக்கு இடையே இறங்காமல் வெளியிலேயே நின்றுவிடும். வளையங்களுக்கு மிகுதியும் இதுவே காரணம். இந்தச் சோதனைகளை எல்லாம் அதே துணி, அதே பஞ்சு கொண்ட சிறிய மூவடுக்குத் துண்டில் செய்ய வேண்டும்.

பெரிய குயில்ட்டைச் சிறிய இயந்திரத்தில் சமாளிப்பது எப்படி?

கோணல் தையலுக்கு எடையும் ஒரு காரணம். மேசையின் விளிம்பில் தொங்கும் துணி, பற்கள் நகர்த்துவதற்கு எதிராக இழுத்துக்கொண்டே இருக்கும். தையல்கள் சிறுத்து, கோடு பக்கவாட்டில் நழுவும். இயந்திரத்தின் இடப்பக்கமும் பின்பக்கமும் மேசை அல்லது அதே உயரமுள்ள வேறு ஏதேனும் தாங்கல் வேண்டும். வலப்புறம், இயந்திரத்தின் கைக்குள் செல்லும் பகுதியை இறுகச் சுருட்டாமல் விசிறி மடிப்பாகக் கொசுவி வையுங்கள். எஞ்சியதை மடியிலோ தோளிலோ ஏற்றிக்கொள்ளலாம். ஊசிக்கு முன்னால் ஒரு முழம் அளவுக்குத் துணி எப்போதும் தளர்ந்து கிடக்க வேண்டும். அது தீர்ந்ததும் நிறுத்தி, மேலும் தளர்த்திக்கொண்டு தொடர வேண்டும். தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருந்தால் மேசை உயரம் என்று பொருள்.

பள்ளத் தையல் மட்டும் போதுமா?

அது பஞ்சைப் பொறுத்தது. எவ்வளவு இடைவெளிவரை தைக்காமல் விடலாம் என்பதைப் பஞ்சின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 5 அல்லது 8 சென்டிமீட்டர், சிலவற்றுக்கு 20 அல்லது 25 சென்டிமீட்டர் என்று இது பெரிதும் வேறுபடும். கட்டத்தின் அகலம் அந்த எல்லையை மீறினால் கட்டத்துக்கு உள்ளேயும் தைக்க வேண்டும். இல்லையெனில் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டியாகும். வேறு அலங்காரத் தையல் போடத் திட்டமிட்டிருந்தாலும் நீண்ட கோடுகளை முதலில் பள்ளத்தில் தைத்துவிடுவது பயனுள்ளது. அடுக்குகள் நிலைபெற்றுவிடுவதால், பிறகு எந்தப் பகுதியை எந்த வரிசையில் தைத்தாலும் துணி நகராது.

வளைவான இணைப்புகளுக்கும் ஒட்டுத்துணி உருவங்களுக்கும் இதே முறைதானா?

மென்மையான வளைவுகளை வாக்கிங் ஃபுட்டாலேயே தைக்கலாம். இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை நின்று, ஃபுட்டைத் தூக்கி, துணியைச் சிறிது திருப்பினால் போதும். குறுகிய வளைவுகளுக்கும், துணியின் மேல் வைத்துத் தைத்த பூ, இலை போன்ற உருவங்களின் விளிம்புக்கும் இது ஒத்துவராது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முழுக் குயில்ட்டையும் சுழற்ற வேண்டியிருக்கும். அங்கே பற்களை இறக்கிவிட்டு, தாவும் ஃபுட்டைப் பொருத்தி, கையாலேயே துணியை நகர்த்தித் தைப்பதுதான் வழி. வட்ட ஃபுட்டையும் அதற்கென்று செய்த தடித்த அளவுகோலையும் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஃபுட்டின் விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி இருக்கும். ஆகவே அளவுகோலைப் பள்ளத்திலிருந்து கால் அங்குலம் விலக்கி வைத்தால்தான் ஊசி பள்ளத்தில் இறங்கும். மெல்லிய சாதாரண அளவுகோலை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது ஃபுட்டின் அடியில் நுழைந்து ஊசியில் மாட்டினால் ஊசி உடைந்து தெறிக்கும்.

தையல் விலகிவிட்டால் பிரிக்க வேண்டுமா?

கையை நீட்டிக் குயில்ட்டைத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தூரத்திலிருந்து தெரியாத ஓரிரு தையல் விலகல்களை அப்படியே விடலாம். பருத்திப் பஞ்சு வைத்த குயில்ட், முதல் துவைப்பில் சுருங்கி மெல்லிய அலைகளாக எழும்பும்போது அவை அதற்குள் மறைந்துவிடும். மேல்துணியெங்கும் விலகல்கள் மிகுதியாக இருந்தால் பிரிப்பதற்குப் பதிலாக, எஞ்சிய கோடுகளை இயந்திரத்திலுள்ள அலைத் தையலால் பள்ளத்தின் இருபுறமும் ஏறி இறங்கும்படி தைத்துவிடுவதும் உண்டு; முன்பு தைத்தவற்றின் மேலும் அதையே ஓட்டலாம். அது மறைந்து நிற்காது, ஆனால் வேண்டுமென்றே செய்த அழகாகத் தெரியும்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால் மேல் நூலை இழுக்காதீர்கள். குயில்ட்டைத் திருப்பி, பின்புறத்தில் நான்கு அல்லது ஐந்து தையலுக்கு ஒன்று வீதம் தையல் பிரிப்பானால் நறுக்குங்கள். மறுபடி முன்புறம் திரும்பி, மேல் நூலின் நுனியைப் பிடித்துத் துணியோடு ஒட்டினாற்போல் தாழ்வாக இழுத்தால் அது ஒரே நீளமாகக் கழன்று வரும். பின்புறம் சிதறிக் கிடக்கும் துண்டு நூல்களை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுக்கலாம். எஞ்சி நிற்கும் ஊசித் துளைகளின் மேல் சிறிது நீரைத் தெளித்து, நகத்தால் நெய்த இழையின் போக்கிலும் குறுக்கிலும் மாறி மாறித் தேயுங்கள். துளைகள் மூடி, துணி காய்ந்த பிறகு அதே பள்ளத்தில் மறுபடியும் தைக்கலாம்.